வாய் மூடாத சில்லு

திட வெடிமருந்துகளில் பல மிகக் குறைவாகவே ஆவியாகின்றன. 25 பாகை செல்சியசில் காற்றின் நூறு கோடி மூலக்கூறுகளுக்கு டிஎன்டியின் பங்கு ஏறத்தாழ ஒன்பது. ஆர்டிஎக்ஸ் அதைவிடக் கஞ்சம்: லட்சம் கோடிக்கு ஐந்து அளவில்தான் வரும். அப்படியும் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் பன்னிரண்டு கோடி ஆர்டிஎக்ஸ் மூலக்கூறுகள் இருக்கும். ஒரு தேக்கரண்டியில் பாதி கூட நிரம்பாத காற்றுக்கு அது சிறிய எண் அல்ல. சிக்கல் அதன் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. மலாக்கா போன்ற கடலோர ஊரில், 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள சாதாரண நாளில், ஒவ்வோர் ஆர்டிஎக்ஸ் மூலக்கூறையும் சுற்றி ஐந்நூறு கோடி நீர் மூலக்கூறுகள் அலைகின்றன. வெடிமருந்தை முகரும் உணரியைச் செய்வதும் பராமரிப்பதும் என்ன வகை வேலை என்பதை இந்த விகிதமே சொல்லிவிடும். தேடும் பொருளுக்குப் பதில் சொல்லும் மூக்கை ஆய்வுக்கூடங்கள் எப்போதோ செய்துவிட்டன. மற்ற எதற்கும் பதில் சொல்லாத மூக்குதான் இன்னும் அரிது.

எல்லா வெடிமருந்தும் இப்படிக் கஞ்சம் அல்ல. நைட்ரோகிளிசரினும் பெராக்சைடு வகைகளும் ஓரளவு தாராளமாக ஆவியாகின்றன. பிளாஸ்டிக் வெடிமருந்துதான் பெரிய தலைவலி. 1988இல் லாக்கர்பி நகரின் மேல் பான் ஆம் விமானம் வெடித்துச் சிதறிய பிறகு, 1991இல் மொன்றியாலில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. பிளாஸ்டிக் வெடிமருந்து தயாரிப்பவர்கள், எளிதில் ஆவியாகும் ஓர் அடையாளப் பொருளை அதில் கலக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒழுங்காகச் செயல்படும் ஆலைகளின் சரக்கு இதனால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கள்ளத்தனமாகக் காய்ச்சப்படுவதற்கு அடையாளம் எதுவும் இராது.

நானோ பொருள்கள் இந்தத் துறைக்குள் வந்ததற்கு முதற்காரணம் பரப்பு. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பால் பட்டையில்தான் ஓடுகிறது, கட்டையில் எவ்வளவு ஆழம் வெட்டினாலும் ஒரு சொட்டு வராது, மரம்தான் கெடும். ஒற்றைச் சுவர்க் கார்பன் நானோகுழாய் என்பது கட்டையே இல்லாத, பட்டை மட்டுமேயான மரம். அதன் விட்டம் ஒன்றிரண்டு நானோமீட்டர். அதிலுள்ள ஒவ்வோர் அணுவும் வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெளியே ஏதேனும் ஒரு மூலக்கூறு வந்து ஒட்டினால், உள்ளே ஓடும் மின்சாரம் அதை உடனே உணரும்.

கார்பன் நானோகுழாய்களை ஜப்பானின் சுமியோ இஜிமா 1991இல் விவரித்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2000இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹொங்ஜீ டாயின் குழு, ஒரே ஒரு நானோகுழாயை இரு மின்வாய்களுக்கு நடுவே வைத்து இரண்டு வாயுக்களைக் காட்டியது. நைட்ரஜன் டைஆக்சைடு பட்டதும் குழாயின் மின்தடை சரிந்தது. அமோனியா பட்டதும் ஏறியது. அதுவும் சூடேற்றாமல், அறையின் வெப்பத்திலேயே. முதல் வாயு எலெக்ட்ரானைப் பிடுங்குகிறது, இரண்டாவது கொடுக்கிறது. நைட்ரோ தொகுதிகளைத் தாங்கிய டிஎன்டியும் பிடுங்கும் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அன்றைய சோதனையிலேயே இன்னொரு குணமும் வெளிப்பட்டது. ஒட்டிய மூலக்கூறு எளிதில் விடுவதில்லை. குழாய் பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரம் பிடித்தது, சூடேற்றினால்தான் விரைவாயிற்று. வாயிலில் வரிசை நிற்கும் இடத்தில் அரை நாள் யோசிக்கும் உணரிக்கு வேலை இல்லை.

அமோனியாவை இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். மலாக்காத் தோட்டங்களில் வளர்ந்த யாருக்கும் அது புதிய வாடை அல்ல. மலேசியாவில் ரப்பர் வணிகப் பயிராக வேர்விட்டதே இந்த மாநிலத்தில்தான்: 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் ஆசகானில் பெருமளவில் விரிவாக்கினார். பால் ஸ்டோருக்கு வரும் முன்பே கட்டிப்போகாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். கடையெந்திரத்தில் சுழற்றி 60 விழுக்காடு ரப்பராகச் செறிவூட்டிய பாலில், நெடுநாள் வைத்திருக்க வேண்டுமானால், ஏறத்தாழ 0.7 விழுக்காடு அமோனியா இருக்கும். ஸ்டோருக்குள் புதிதாக நுழைபவருக்குக் கண் எரியும். அங்கேயே நிற்கும் ஆளுக்குப் பத்து நிமிடத்தில் எதுவும் தெரியாது, மூக்கு பழகிவிடும். வேலையிட வரம்பாகப் பல நாடுகளில் கொள்ளும் அளவு, பத்து லட்சம் பங்கு காற்றுக்கு 25 பங்கு. அதைத் தாண்டியதா என்று பழகிய மூக்கிடம் கேட்டுப் பயனில்லை. வெடிமருந்து உணரியின் தன்மையைப் படிக்க விரும்புபவர் முதலில் ஓர் அமோனியா உணரியை இத்தகைய ஸ்டோரில் வைத்துப் பார்ப்பது நல்லது. வாயு எதுவும் படாதபோது உணரி காட்டும் அடிக்கோடு எப்படி நகர்கிறது, ஈரம் ஏறும்போது அளவு எப்படிப் பொய் சொல்கிறது, பெரிய டோஸ் பட்டபின் மீள எவ்வளவு நேரமாகிறது என்பதையெல்லாம் ஆபத்தில்லாமல் கற்றுக்கொள்ளலாம்.

வெறும் நானோகுழாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டும். அதற்கு விருப்பு வெறுப்பைக் கற்பிப்பதே வேதியியலாளரின் பங்கு. டிஎன்டியில் மூன்று நைட்ரோ தொகுதிகள் வளையத்தின் எலெக்ட்ரான்களை இழுத்துக்கொள்வதால், நடு வளையம் எலெக்ட்ரானுக்கு ஏங்கி நிற்கும். அமீன் தொகுதியிடம் எலெக்ட்ரான் உபரி உண்டு. உணரியின் மேல் அமீன்களை நட்டுவைத்தால் டிஎன்டி அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் பெர்னாண்டோ படோல்ஸ்கி குழு, சிலிக்கன் நானோகம்பிகளின் மேல் இப்படி அமீன் பூசி டிஎன்டியைக் கண்டறிந்தது. பின்னர் வெவ்வேறு பூச்சுகள் கொண்ட பல கம்பிகளை ஒரே சில்லில் வரிசைப்படுத்தி, 2014இல், ஒவ்வொரு வெடிமருந்துக்கும் தனித்தனிக் கைரேகை போன்ற பதில் கிடைப்பதைக் காட்டியது. ஒரு கம்பி ஏமாறலாம், ஒரு வரிசையே ஒரே மாதிரி ஏமாறுவது கடினம் என்பது அதன் தர்க்கம்.

களத்தில் மிகுந்த பெயர் வாங்கியது வேறொரு வழி. எம்ஐடியில் டிமொதி ஸ்வேகர் 1998இல் வெளியிட்ட பாலிமர், புறஊதா ஒளியில் தானே ஒளிரும். சில நானோமீட்டர் தடிமனில் அதைக் கண்ணாடியில் பூசினால், டிஎன்டி மூலக்கூறு ஒன்று எங்கே உட்கார்ந்தாலும் சுற்றிலும் ஒளி அணைகிறது. ஒளியாற்றல் பாலிமர்ச் சங்கிலி நெடுக ஓடித் திரிவதால், வழியில் எந்த இடத்தில் பொறி இருந்தாலும் விழுந்துவிடும். பாலிமர் முறுக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடாதபடி, பருத்த வளையங்களை இடையிடையே கோத்ததுதான் ஸ்வேகரின் சாமர்த்தியம். அந்த வளையங்கள் விட்ட இடைவெளி டிஎன்டி நுழைவதற்கும் வாசலாயிற்று. ‘ஃபைடோ’ என்ற பெயரில் கையில் பிடிக்கும் கருவியாகி ஈராக் போர்க்களம்வரை அது போனது. ஆனால் ஒளியணைப்பு நைட்ரோ தொகுதியை நம்பியது. பெராக்சைடு வெடிமருந்தில் நைட்ரோ கிடையாது. அதற்கு வேறு பூச்சு, வேறு வழி தேவைப்பட்டது.

மூன்றாவது வழி வளைவு. மயிரிழையைவிட மெல்லிய ஒரு நுண்பலகையை ஒரு முனையில் மட்டும் பொருத்தி, மேற்பரப்பில் மூலக்கூறுகள் அமரும்போது அது வளைவதை மின்சாரமாக அளப்பது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தாமஸ் துண்டத் இதை முன்னெடுத்தார். இந்தியாவில் ஐஐடி பாம்பேயில் வி. ராம்கோபால் ராவ் குழு நெடுங்காலம் உழைத்தது. அங்கே அடைகாக்கப்பட்ட நேனோஸ்னிஃப் நிறுவனத்தின் ‘நேனோஸ்னிஃபர்’ 2021 ஏப்ரலில் அறிமுகமாயிற்று. துடைத்தெடுத்த மாதிரியை வைத்துப் பத்து விநாடிக்குள் பதில் சொல்லும் என்பது அதன் அறிவிப்பு. இவற்றுக்கு நடுவே 2016இல் எம்ஐடியின் மைக்கேல் ஸ்ட்ரானோ குழு பசலைக்கீரையின் இலைக்குள் கார்பன் நானோகுழாய்களைப் புகுத்தி, வேர் உறிஞ்சிய தண்ணீரில் பிக்ரிக் அமிலம் என்ற வெடிமருந்து இருந்தால் இலையின் அகச்சிவப்பு ஒளி மாறுவதைக் காட்டியது. கீரைப்பாத்தி காவல் காக்கும் செய்தியைப் பத்திரிகைகள் விடவில்லை. தொழிலுக்கு இன்னும் பயன்பட்டபாடில்லை.

கண்டுபிடித்தவர்களின் கதை இதோடு முடிகிறது. அடுத்தது சில்லைப் பொதியும் கதை. அது மலாக்காவுக்கு நன்கு தெரிந்த தொழில். சீமென்ஸ் 1973இல் பத்து பெரண்டாம் சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் ஆலை திறந்தது; 1999இல் அதன் செமிகண்டக்டர் பிரிவு இன்ஃபினியன் ஆயிற்று. அருகிலேயே இயங்கிவந்த நேஷனல் செமிகண்டக்டர் 2011இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கைக்கு மாறியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்த ஆண்டுகளில், ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் டுரியான் துங்கலிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஃபேக்டரி பஸ் போன இடம் அதுதான். அம்மா விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்றாள். மகள் ஷிஃப்ட்டுக்கு நின்றாள். டை அட்டாச், வயர் பாண்ட், மோல்டிங், டெஸ்ட் என்ற சொற்கள் லயத்து வாசலில் சாதாரணமாகப் புழங்கத் தொடங்கின.

வழக்கமான சில்லின் வாழ்க்கை எளிது. மின்கம்பியாக 25 மைக்ரோமீட்டர் தங்க இழை பாயும். தலைமயிரில் அது மூன்றில் ஒரு பங்கு. இழையைப் பந்தாக்கிச் சில்லில் பதித்து, வளைத்து, சட்டகத்தில் தைப்பார்கள். பிறகு கறுப்பு ரெசினில் முழுவதும் மூழ்கடித்து இறுக்கிவிடுவார்கள். காற்றும் ஈரமும் உள்ளே போகாதபடி அடைப்பதே பொதிவின் நோக்கம். அரை நூற்றாண்டாக இந்தத் தொழில் கற்றுக்கொண்டது முழுவதும், எப்படி நன்றாக வாயை மூடுவது என்பதைத்தான். வாயு உணரிக்கோ வாய் திறந்தே இருக்க வேண்டும். கம்பி இணைத்த ஓரங்களை மட்டும் பசையால் மூடி, நடுவில் உணரும் பரப்பை வெளியே விட வேண்டும். அந்தப் பசை ஓர் இழை வழுக்கி உள்ளே வந்துவிட்டால் அந்த யூனிட் ரிஜெக்ட்; மறுவேலைக்கு வழியில்லை. தகட்டைத் தனித்தனிச் சில்லுகளாக அறுக்கும் வாளோடு தண்ணீர் பீய்ச்சியடிக்கும். நானோகுழாய்ப் படலம் அந்தத் தண்ணீரைத் தாங்காது. ஆகவே படலத்தை அறுத்தபின் கடைசியில் சொட்டுவார்கள், அல்லது அறுக்கும் முன் மேலே தற்காலிக மூடி போடுவார்கள். இரண்டிலும் இழப்பு உண்டு. கடைசியில் சொட்டினால் ஒவ்வொரு சொட்டும் ஒவ்வொரு விதமாகக் காயும். விளிம்பில் தடிப்பாகவும் நடுவில் மெல்லிதாகவும் வளையம் கட்டும். அடுத்தடுத்த இரு சில்லுகளின் மின்தடை பத்து மடங்கு வேறுபடுவது இந்த வேலையில் அதிசயம் அல்ல. ஆய்வுக்கட்டுரையில் வரும் அழகான வரைபடம் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் நன்றாக வந்த ஒன்றினுடையது.

திறந்த வாய்க்குள் போகும் முதல் வாசனை ஆலையினுடையதே. சிலிக்கோன் பசையிலிருந்து கிளம்பும் ஆவி, சூடேற்றிய உலோக ஆக்சைடு உணரியின் மேல் கண்ணாடி போலப் படிந்து அதை நிரந்தரமாகக் கொன்றுவிடும். தலைக்குப் பூசும் கிரீம்களிலும் கைக்களிம்புகளிலும் சிலிக்கோன் இருப்பது பலருக்குத் தெரியாது. சுத்த அறைக்குள் பவுடரும் ஒப்பனையும் கூடாது என்ற பழைய விதி தூசிக்காக வந்தது. உணரி வரிசையில் அதே விதிக்கு இன்னொரு காரணம் சேர்ந்துகொள்கிறது. தேங்காயெண்ணெய் வாரிய தலைக்கு மேல் தொப்பியும், தொப்பிக்கு மேல் இன்னொரு முகமூடி உடையும் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் நுண்நோக்கியில் குனிந்திருந்த பெண்களின் முதுகில்தான் இந்தத் தொழில் நின்றது. எந்த ஆய்வுக்கட்டுரையின் நன்றியுரையிலும் அவர்களைப் பார்க்க முடியாது.

உலோக ஆக்சைடு உணரிகளே வாயு உணரித் தொழிலின் மூத்த குடி. ஜப்பானில் 1962 வாக்கில் தொடங்கிய அவ்வழி, டின் ஆக்சைடை 300 முதல் 400 பாகைக்குச் சூடேற்றும். மலிவு, உழைக்கும். வெடிமருந்துக்கு மட்டும் அவ்வளவு பொருத்தமில்லை: அந்தச் சூட்டில் நைட்ரோ சேர்மம் உடைந்துவிடும், உணரி பார்ப்பது அதன் சாம்பலை. டிஎன்டியா, டீசல் வண்டிப் புகையா என்று அதைக் கேட்டால் சரியான பதில் வராது.

பொதிந்து முடிந்த சில்லை 85 பாகையிலும் 85 விழுக்காடு ஈரத்திலும் பல நூறு மணி நேரம் புழுங்கவைப்பது செமிகண்டக்டர் தொழிலின் வழக்கமான தேர்வு. மூடிய சில்லுகளுக்கு அது கடுமையான தண்டனை. திறந்த உணரிக்கு மலாக்காவின் ஜூன் மாதமே பாதித் தண்டனை. அதிகாலையில் ஈரம் 90 விழுக்காட்டைத் தொடும், நடுப்பகலில் இறங்கும், மாலை மழையில் மீண்டும் ஏறும். நீர் மூலக்கூறும் நானோகுழாயில் ஒட்டக்கூடியதே. காலையில் சரிபார்த்த அடிக்கோடு மதியத்தில் வேறிடத்தில் நிற்கும். குளிர்நாட்டில் செய்து குளிரூட்டிய அறையில் சோதித்த கருவியை இங்கே கூடாரத்தின் கீழ் வைத்தால் பகலெல்லாம் அலறும். இதற்கு மருந்து மூன்று: காற்றை உலர்த்தி உள்ளே விடுவது, ஈரத்தையும் உடன் அளந்து கணக்கில் கழிப்பது, உணரியைச் சற்றுச் சூடாகவே வைத்திருப்பது. மூன்றையும் செய்பவர்தான் பிழைப்பார்.

ஆவி இவ்வளவு கஞ்சமாக இருப்பதால், சோதனைச் சாவடிகளில் பெரும்பாலும் துகளைத்தான் தேடுகிறார்கள். வெடிமருந்தைத் தொட்ட கை, மைக்ரோகிராம் கணக்கில் துகளை அடுத்துத் தொடும் எல்லாவற்றிலும் விட்டுச்செல்லும்: பையின் கைப்பிடி, ஜிப்பின் இழுப்பு, கைத்தொலைபேசி. துணித் துண்டால் அந்த இடங்களைத் துடைத்து, கருவிக்குள் இருநூறு பாகை அளவுக்குச் சூடேற்றினால் துகள் ஆவியாகி உணரியை அடையும். துடைப்பதில் கைப்பக்குவம் வேண்டும். வெறுமனே தடவினால் எதுவும் வராது. ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில், துண்டின் ஒரே பக்கத்தால் இழுக்க வேண்டும். அலாரம் அடித்தால் துண்டோடு கையுறையும் மாற வேண்டும். பிழையான அலாரங்களில் கணிசமானவை கருவியின் குற்றமல்ல, முந்தைய ஆளின் துகள் அடுத்த ஆளுக்குப் போனது.

மற்றவை கையின் குற்றம், அதாவது பிழைப்பின் குற்றம். தோட்டத்தில் உரம் போடுவது நெடுங்காலமாகப் பெண்களின் வேலை. இடுப்பில் வாளி, கையில் கிண்ணம், மரத்தைச் சுற்றி வட்டமாக வீச்சு. நைட்ரேட் கலந்த உரம் நகக்கண்ணிலும் உள்ளங்கை வெடிப்பிலும் ஏறி, சோப்புப் போட்டாலும் முழுக்கப் போகாது. அந்தக் கை பேரப்பிள்ளையைப் பார்க்க விமானம் ஏறப் போனால், நைட்ரேட்டைத் தேடும் கருவி தன் கடமையைச் செய்யும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை நைட்ரோகிளிசரினே; வேதியியலின் கண்ணுக்கு மருந்துக்கடையும் வெடிமருந்துக் கிடங்கும் ஒன்றுதான். குவாரியில் வெடிவைக்கும் தொழிலாளியின் சட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தீபாவளி முடிந்த மறுநாள் யாருடைய கையைத் துடைத்தாலும் பட்டாசு மருந்தின் நைட்ரேட்டோ பெர்குளோரேட்டோ கிடைக்க வாய்ப்புண்டு. கிளிசரின் சேர்ந்த கைக்களிம்பும் சில கருவிகளை ஏமாற்றியிருக்கிறது.

ஆகவே கருவியை அமைப்பவர் அது போகும் ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். நைட்ரேட்டுக்கு மட்டும் அலறும் எல்லையை மிகத் தாழ்த்தி வைத்தால் தோட்டப்புறத்தில் கருவி ஓயாது. உயர்த்தி வைத்தால் தேட வந்ததே தப்பிவிடும். கணக்கு இரக்கமற்றது. நூற்றில் ஒன்றுதான் பிழை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளில் பத்தாயிரம் பேர் கடந்தால் நூறு அப்பாவிகளை ஒதுக்கி நிறுத்த வேண்டும். அந்த நூறில் உண்மையான குற்றவாளி ஒருவர் கூட இல்லாமல் ஆண்டுகள் போகலாம். அலாரம் அடித்தும் எதுவும் கிடைக்காத நாள்கள் கூடக் கூட, இயக்குபவர் அலாரத்தை நம்புவதை விட்டுவிடுவார். அந்த நிலைக்கு வந்த சாவடியில் நல்ல கருவி இருந்தும் இல்லாததும் ஒன்றே.

இதனால்தான் எந்த ஒற்றை உணரியின் சொல்லையும் தீர்ப்பாக ஏற்பதில்லை. முதல் கருவி சந்தேகத்தை எழுப்பும். வேறு தத்துவத்தில் இயங்கும் இரண்டாவது கருவி உறுதி செய்யும். விமான நிலையங்களில் பழகிப்போன அயனி நகர்வுக் கருவி, மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்து ஒரு குழாயில் ஓடவிட்டு, அது மறுமுனை சேரும் நேரத்தை அளக்கிறது. வெள்ளி அல்லது தங்க நானோதுகள்களின் மேல் பட்ட மூலக்கூறின் ராமன் ஒளி பெருமளவு பெருகும்; அதைக் கொண்டும் பொருளை அடையாளம் காணலாம். நாய் இன்னும் போட்டியில் இருக்கிறது. அது ஈரத்துக்கு அஞ்சாது, காற்றில் வாசனை வரும் திசையை நோக்கி நடக்கும். சில்லுகள் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. ஆனால் நாய் களைத்துப்போகும், பயிற்றுநரின் முகத்தைப் படித்துப் பதில் சொல்லிவிடவும் செய்யும். இவற்றுக்கும் மேலாக ஓர் எளிய கேள்வி இருக்கிறது. “அம்மா, இந்த வாரம் உரம் போட்டீங்களா?” என்று தமிழில் கேட்கத் தெரிந்த ஓர் ஆள் சாவடியில் இருந்தால், பாதி அலாரங்கள் ஐந்து நிமிடத்தில் தீரும்.

பராமரிப்பு சலிப்பூட்டும் வேலை, ஆனால் கருவியின் ஆயுள் அதில்தான். ஷிஃப்ட் தொடங்கும்போது அறிந்த அளவு தடவிய சோதனைத் துண்டை வைத்து அலாரம் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வெற்றுத் துண்டை வைத்து அடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது எப்போதும் இரண்டாவதுதான். பெரிய மாதிரி ஒன்று உள்ளே போய்விட்டால் கருவியைச் சூடேற்றி வெறுமனே ஓடவிட வேண்டும், அடிக்கோடு இறங்கும்வரை அடுத்த ஆளைத் தொடக் கூடாது. காற்று வடிகட்டியும் உலர்த்தும் மணிகளும் உற்பத்தியாளர் கையேட்டில் எழுதிய காலத்துக்கு முன்பே இங்கே தீர்ந்துவிடும். நிறம் மாறியதைக் கண்ணால் பார்த்து மாற்றுவதே நடைமுறை. ஒளிரும் பாலிமர்ப் படலம் தன் விளக்கின் ஒளியிலேயே மெல்ல வெளுக்கிறது. நானோகுழாய்ப் படலத்தில் விடாத மூலக்கூறுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. இரண்டும் தேய்ந்து தீரும் சரக்குகள். அடிக்கோடு தொடக்க அளவிலிருந்து குறித்த எல்லைக்கு மேல் விலகியதும் சில்லைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதைப் பொருத்தி, முதல் துண்டிலிருந்து சோதனையை மறுபடி தொடங்க வேண்டும்.